இரண்டு புள்ளி ஏழு

முப்பத்தேழு பேர் படிக்கும் பள்ளியில்
ஒரு பிள்ளை என்பது
இரண்டு புள்ளி ஏழு சதவீதம்.
லோகித்துக்குக் காய்ச்சல் வந்தால்
வருகை அவ்வளவு குறையும்.
அவனைப் பார்த்து அவன் தம்பியும் படுத்துக்கொண்டால்
ஐந்து புள்ளி நான்கு.

பகலெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும் செயலி
இரவு பத்துக்கு மேல்தான் வழிவிடும்.
கொசுவலைக்குள் உட்கார்ந்து
கட்டைவிரலால் நிரப்புகிறேன்
பச்சையாங்குப்பத்தை.

பெண் பத்தொன்பது, ஆண் பதினெட்டு.
மிகப் பிற்பட்டோர் இருபத்தொன்று.
ஆதிதிராவிடர் பன்னிரண்டு.
பிற்பட்டோர் ஒன்று, அது டெய்லர் கடை மகள்.
வேறு மாநிலம் இரண்டு.
மிச்சம் சேட்டு.

இருளர் குடியிருப்பிலிருந்து
எங்களிடம் வரும் ஒரே பையன்.
சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில்
மூன்று வருடமாகக் கிடக்கிறது.
கட்டத்தைக் காலியாக விட்டால்
சேமிக்க மாட்டேன் என்கிறது செயலி.
கீழே ‘பொருந்தாது’ என்று ஒன்று இருந்தது.
தொட்டேன்.
‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.’

பெற்றோர் தொழில்.
கடல் என்று போட இடமில்லை.
தினக்கூலி இருக்கிறது, மற்றவை இருக்கிறது.
தடைக்காலத்தில் கேட்டால் ஒரு பதில்
ஆடியில் கேட்டால் இன்னொன்று.
உன் அப்பா சிப்காட்டில் எந்தக் கம்பெனி என்றேன் கனிஷ்காவிடம்.
‘ராத்திரி அழுகின முட்ட நாத்தம் வருதுல்ல டீச்சர்
அந்தக் கம்பெனி.’
மற்றவை.

அடுத்த பக்கம் கற்றல் நிலை.
எழுத்தில் நிற்பவர் அரும்பு,
தட்டித்தடவிப் போனால் மொட்டு,
நிற்காமல் வாசித்தால் மலர்.
பெயர் வைத்தவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும்.
என் காலத்தில் இதற்கு
மக்கு என்ற ஒரே சொல்தான்.

அரும்பு பன்னிரண்டு.
அதில் ஒருத்தி பிங்கி பெஹெரா.
ஒடிசாக்காரி, மூன்றாம் வகுப்பு,
ஆண்டு நடுவில் வந்து சேர்ந்தவள்.
தேர்வன்று கேட்ட சொல் ‘மழை’.
மளை என்றாள்.
இன்னொரு முறை சொல் என்றேன்.
என் வாயையே பார்த்து
நாக்கை எங்கே கொண்டுபோகிறேன் என்று கவனித்து
மெதுவாக, மிகச் சரியாக
மளை என்றாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை.
செவ்வாயும் இல்லை.
கான்ட்ராக்டரோடு ஏதோ கூலித் தகராறாம்,
ராத்திரியோடு ராத்திரியாக
ஷெட்டைக் காலிசெய்து ரயிலேறிவிட்டார்களாம்.
காலை உணவு போடும் அஞ்சலாட்சிதான் சொன்னாள்,
ரவா கிச்சடியைக் கிண்டிக்கொண்டே.

முப்பது நாள் பார்த்தேன்.
பிறகு பிங்கியைப் பொதுத்தொகுப்புக்கு அனுப்பினேன்.
பள்ளியில்லாத பிள்ளைகள் எல்லோரும்
அங்கேதான் மிதப்பார்கள்,
வேறொரு பள்ளி எண்ணைப் போட்டு
இழுத்துக்கொள்ளும் வரை.
ஒடியா தெரிந்த பள்ளிகளுக்கு
இந்தத் தொகுப்பு திறக்காது.

அவள் போனதும்
எங்கள் வாசிப்புத் திறன்
அறுபத்தேழரையிலிருந்து அறுபத்தொன்பதரைக்குப் பக்கம் வந்தது.
நான் ஒன்றும் செய்யவில்லை.
மிச்சமிருக்கும் முப்பத்தாறு பேரும்
ஆளுக்கொரு துளி கனத்திருக்கிறார்கள்,
அவ்வளவுதான்.

வட்டாரக் கல்வி அலுவலர் போன் செய்தார்.
பழைய டவுன் பக்கம் எங்கள் பள்ளிதான்
ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறதாம்.
‘வாள்த்துக்கள் டீச்சர்’ என்றார்.
அவரை எந்த நிலையில் போடுவது என்று
ஒரு நொடி யோசித்தேன்.
நன்றி சார் என்றேன்.

அலமாரியை ஒழிக்கும்போது
லோகித் ஒரு நோட்டோடு வந்தான்.
‘பிங்கியோடது டீச்சர்,
எட்டுப் பக்கந்தான் எழுதியிருக்கா,
எழுதாதத நான் கிழிச்சிக்கவா?’
ம் என்றேன்.
அவன் கிழிக்கும் சத்தம் கேட்டதும்
வேண்டாம் என்றேன்.
அதற்குள் இரண்டு தாள் போயிருந்தது.